‘வல்லவராதல்’ என்று எழுதியதால் வந்த வினை

தஞ்சாவூர்
9-10-1971, சனிக்கிழமை

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஜனாப் அப்துல் ஜலீல் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஹமீதா பானுவின் கணவன் சேக் தாவூது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நாகூரில் தாங்களும் மாமாவும் மாமியும், பிரசவத்துக்கு வந்திருக்கும் ஹமீதாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கு நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை அந்தச் சொல்லை எழுத மறுக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வலது காலில் இரண்டு இடத்திலும் இடது காலில் ஓரிடத்திலும் அட்டை கடித்திருக்கிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மனசில்.

இந்த வாரம் யாராவது உங்கள் பாத்திரக் கடைக்கு வந்து, “உங்க தங்கச்சி மாப்புள மிராசுதாரோட ஆளாயிட்டாராமே” என்று சொல்லலாம். அவர் போனதும் இன்னொருவர் வந்து, “செங்கொடிக்காரராயிட்டாராமே” என்று சொல்லலாம். இருவர் மேலும் கோபப்படாதீர்கள். இரண்டும் நடந்தது. புதன்கிழமை காலை அது, வெள்ளிக்கிழமை மத்தியானம் இது. இரண்டையும் நான் விரும்பிச் செய்யவில்லை. ஊரார் வாயில் கேட்பதற்கு முன்னால் என் கையால் எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் எங்கள் கல்லூரியில் ‘கிராமப் பொருளாதாரம்’ என்று ஒரு புதுப் பாடம் வைத்தார்கள். தமிழிலேயே நடத்த வேண்டும். பாடத்திட்டத்தின் தலைப்பில் ‘இப்பாடத்தின் நோக்கங்கள்’ என்று நாலு வரி அச்சிட வேண்டும் என்றார்கள். நீதான் தமிழ் நன்றாக எழுதுவாயே என்று துறைத் தலைவர் என் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். முதல் இரண்டு நோக்கங்களைச் சுமாராக எழுதினேன். மூன்றாவதை எழுதும்போதுதான் மச்சான், எனக்கு ஒரு வேகம் வந்தது. ‘மாணவர் நெற்சாகுபடியின் பணிகளை, சிறப்பாக நாற்று நடுதலை, முறைப்படி செய்ய வல்லவராதல்’ என்று எழுதினேன். ‘அறிதல்’ என்று எழுதியிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன். ‘அறிதல்’ மொட்டையாக இருந்தது. ‘வல்லவராதல்’ என்று வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், அவ்வளவு கம்பீரமாக இருந்தது. நான் அதிராம்பட்டினத்துக்காரன், வாப்பா சாக்கு வியாபாரம் செய்தவர், நெல் என்பது சாக்குக்குள் இருக்கும் ஒரு வஸ்து என்ற அளவில்தான் எனக்கு அதோடு பழக்கம், இது உங்களுக்குத் தெரியும். அச்சாபீசுக்குத் தெரியாது. அச்சடித்துவிட்டார்கள்.

ஒரு வருஷம் யாரும் அதைப் படிக்கவில்லை. அந்த மாதிரி வரிகளை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுவது. ஜூலை மாதம் மெட்ராஸில் தேர்வு முறை பற்றி மூன்று நாள் பயிற்சி என்று என்னை அனுப்பினார்கள். நடத்தியவர் ஓர் அம்மையார், மெல்லிய குரல், அதட்டவே மாட்டார், அதுதான் பயம். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் நோக்கம், அந்தப் பக்கம் வினா. “நாயனம் வாசிக்கப் பழக்குறீங்க. பரீட்சையில நாயனத்துக்கு எத்தனை துளைன்னு கேக்குறீங்க. வாசிக்கத் தெரியுதா இல்லையான்னு அதுல எப்படித் தெரியும்?” என்று கேட்டார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க சார், உங்க பாடம் எது?” என்று எழுப்பிவிட்டார். பாடத்திட்டத்தையும் போன வருஷத்து வினாத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னையே படிக்கச் சொன்னார். நோக்கம் மூன்று, நாற்று நடுதலை முறைப்படி செய்ய வல்லவராதல். அதற்கு நான் கேட்டிருந்த வினா, ‘நடவின் பயன்களை விவரித்துக் கட்டுரை வரைக. மதிப்பெண் பதினைந்து.’ அம்மையார், “அப்போ உங்க மாணவர் கட்டுரை வரைய வல்லவராயிருக்கார்” என்றார். நாற்பது விரிவுரையாளர்கள் சிரித்தார்கள் மச்சான். அதில் மூன்று பேர் என் மாதிரியே திருட்டு முழி முழித்துக்கொண்டு சிரித்தார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

போன மாதம் பிரின்சிபால், நவம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து குழு வருகிறது, ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே அதற்குப் பொருத்தமான தேர்வு எது என்று அட்டவணை போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும், ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாது என்றார். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. அந்தச் சொல்லை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். மாற்றப் பாடக்குழு கூட வேண்டும், அது மார்ச்சில்தான் கூடும் என்றார். “நடவு இப்பவே நடக்குது. புள்ளைங்கள வயலுக்குக் கூட்டிட்டுப் போயி நடச் சொல்லி மார்க் போடுங்க. இதுல என்ன கஷ்டம்?” என்றார். அவருக்கும் நெல்லோடு சாப்பாட்டு வழிப் பழக்கம்தான்.

வயலுக்கு எங்கே போவது? எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவில் மிராசுதார் அரசப்பன் என்று ஒருவர் இருக்கிறார். பாபநாசத்துக்கு அப்பால் புளியங்கட்டளை அவர் ஊர். ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று போன வருஷம் சட்டம் வந்துவிட்டதல்லவா, அதன்படி அவருக்கும் பதினைந்துதான். எந்தெந்த வயல் உங்களுடையது என்று கேட்டால் மட்டும் கையை நீட்டியபடியே ரொம்ப தூரம் நடப்பார். அவரிடம் போய்த் தயங்கித் தயங்கி, ஆளுக்கு ஒரு குழி வீதம் இருபத்திரண்டு குழி இடம் கொடுத்தால் பரீட்சையை முடித்துக்கொள்கிறோம் என்றேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “குழி என்ன தம்பி குழி. அஞ்சு மா எடுத்துக்குங்க. நாத்து வயசு தாண்டிக்கிட்டு நிக்கிது. ரெண்டு பண்ணையாள விட்டு நான் பறிச்சுப் போட்டுடறேன். புள்ளைங்க நல்லா விஸ்தாரமாக் கத்துக்கட்டும்” என்றார். படிப்பின் மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து மா என்றால் ஐந்நூறு குழி, ஒன்றரை ஏக்கருக்கு மேல் என்பதை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் கணக்குப் போட்டேன்.

அந்த ஊரில் பதினொரு நாளாகக் கூலியாள் ஒருவரும் அவர் வயலில் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. குறுவை அறுப்புக்கு அவர் வெளியூரிலிருந்து இரண்டு லாரி ஆளைக் கொண்டுவந்து இறக்கினாராம். இனி வெளியாள் வராது என்று எழுதிக் கொடுத்தால்தான் சம்பா நடவுக்கு வருவோம் என்று உள்ளூர் விவசாயத் தொழிலாளர்கள் நிறுத்திவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிராமப் பொருளாதாரம் நடத்துகிறவன், கேட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் இருபத்திரண்டு மாணவர்களோடு போய் இறங்கினேன். என் கையில் அட்டையில் ஒட்டிய அட்டவணை. அதில் பத்துப் பத்தி: நாற்றின் எண்ணிக்கை, இடைவெளி, ஆழம், வரிசையின் நேர்மை, வேகம், இப்படி. மிராசுதார் வீட்டில் எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள். கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டு நல்ல மோர். குடித்து முடித்ததும் கணக்குப்பிள்ளை ஒரு தாளை நீட்டி, “வந்தவங்க பேரு, ஒரு பதிவுக்கு” என்றார். வருகைப் பதிவு என்று நினைத்தேன். மேலே ஏதோ நாலைந்து வரி பொடி எழுத்தில் இருந்தது. பையன்கள் இருபத்திரண்டு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள், எல்லோருக்கும் கீழே நானும் போட்டேன், பதவியோடு, தேதியோடு.

வயலில் இறங்கினோம். முதலில் யாரை நட விடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இளையபெருமாள் என்று ஒரு மாணவன். இந்தப் புளியங்கட்டளையிலிருந்தே கல்லூரிக்கு வந்த முதல் பையன். அவன் அம்மா காளியம்மாள் கூலிக்கு நடும் நடவாள், அப்பா இல்லை. விடுதியில் தங்கிப் படிக்கிறவன், ஆடி மாதம் வந்துபோனதோடு சரி. ஊரில் வேலை நின்றது அவனுக்கும் தெரியாது. அவன் வீட்டில் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அவனுக்கு யார் கடிதம் எழுதுவது? கட்டுரைப் பரீட்சையில் எப்போதும் கடைசியில் நிற்பான், இன்றைக்காவது இவனுக்கு முதலிடம் கிடைக்கட்டும் என்று மனசுக்குள் பத்துக்குப் பத்துப் போட்டே வைத்திருந்தேன். அவன் நாற்று முடியைப் பூச்செண்டு பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நட்டான். நட்டது சாய்ந்தது. மறுபடி நட்டான், அது படுத்தேவிட்டது. மற்ற பையன்கள் அவனைப் பார்த்து அதேபோல நட ஆரம்பித்தார்கள், இந்த ஊர்க்காரன் ஆயிற்றே, இதுதான் முறைபோலிருக்கிறது என்று. எதிரே நின்று மார்க் போடுவதற்காக நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அட்டை கடித்தது அப்போதுதான்.

அரைமணிகூட ஆகவில்லை. வாய்க்கால் கரையிலிருந்து நாற்பது பேர், ஆணும் பெண்ணுமாக, முன்னால் ஒரு செங்கொடியோடு வந்து வயலைச் சுற்றி வரப்பில் நின்றார்கள். சிலர் கையில் கருக்கரிவாள். முன்னால் நின்றவர் வீரையன், அவர்கள் சங்கத் தலைவர், உயரமான ஆள். சத்தம் போடாமல்தான் கேட்டார்.

“எந்த ஊரு ஆளுங்க?”

“ஆளுங்க இல்லீங்க. மாணவருங்க.”

“லாரி எங்க நிக்கிது?”

“பஸ்ஸுல வந்தோம்.”

“கூலி எவ்வளவு பேசுனாரு?”

“கூலி இல்லீங்க. மார்க்கு.”

அவர் திரும்பிப் பின்னால் இருந்தவரிடம், “மார்க்குங்கிறான். எத்தன மரக்கால் நெல்லாம்?” என்றார். பின்னால் இருந்தவருக்கும் தெரியவில்லை. கூட்டம் ஓரடி முன்னால் வந்தது. மச்சான், அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். இருபத்திரண்டு தாய் தகப்பனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தேன். ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பித்து நடுவில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த ஜில்லாவில் இந்த மாதிரிச் சண்டைகள் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியும். கையிலிருந்த அட்டவணையை, என்னவோ தாயத்து மாதிரி, மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

எங்களைக் காப்பாற்றியது அட்டவணை இல்லை. ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், கூட்டத்திலிருந்து விலகி வரப்பில் குந்தி உட்கார்ந்து, நட்ட இடத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். பார்த்துவிட்டு, “வீரையண்ணே, விடுங்க. இவங்க நம்ம வேலயப் பறிக்க வந்தவங்க இல்ல” என்றார்.

“எப்படிச் சொல்ற?”

“நட்டிருக்கறதப் பாருங்க. இவங்கள ஆளுன்னு கூட்டியாந்திருந்தா மிராசுக்குப் புத்தி பெரண்டிருக்கணும்.”

எல்லோரும் பார்த்தார்கள். முதலில் பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் ஆண்கள். அரிவாள்கள் இடுப்புக்குப் போயின. வீரையனுக்குக்கூட மீசை அசைந்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். தன் மாணவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்ன ஆசிரியன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பையன்களுக்கு உயிர் வந்ததும் முதல் கேள்வி, “சார், மார்க்?” அந்தப் பெண் காதில் அது விழுந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. என் பத்துப் பத்திகளையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இம்புட்டும் எதுக்கு? நாளைக்கு வெடிஞ்சதும் வந்து பாருங்க. மெதக்கறதெல்லாம் தப்பு. நிக்கிறதெல்லாம் சரி” என்றார். மெட்ராஸ் அம்மையார் மூன்று நாள் சொன்னதை இவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். வரப்போடு நடந்தபடியே ஒவ்வொருவன் நட்டதையும் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். “இது யாரு நட்டது? ஒரு குத்துல இத்தன நாத்தா, கல்யாண வீடா இது?” “இவரு பொழைக்கிறவரு, கொஞ்சமா நட்டிருக்காரு, ஒழுங்கா நட்டிருக்காரு.” கடைசி வரிசைக்கு வந்தார். “இது யாரு, நாத்தத் தூங்க வச்சிருக்கறது?” என்று நிமிர்ந்து பார்த்தார். அதுவரை மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பதுங்கியிருந்த இளையபெருமாள், முகமெல்லாம் சேறாக நின்றான்.

“அம்மா” என்றான்.

அவர்தான் காளியம்மாள். எனக்கு அதுவரை தெரியாது.

காளியம்மாள் சேற்றில் இறங்கினார். மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். அத்தனை பேர் பார்க்க அவனைக் கரையில் உட்காரவைத்து, முழங்காலிலிருந்து பாதம்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவன் வெட்கப்பட்டுக் காலை இழுத்தான், விடவில்லை. கழுவி முடித்து என்னிடம் வந்தார். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

“வாத்தியாரையா, சின்னதுல இவன் நாத்து நடறேன்னு எம் பின்னாடியே வருவான். அடிச்சு வெரட்டுவேன். ஒரு முடி தொடவிட்டதில்ல. இந்தக் காலு சேத்துல படக்கூடாதுன்னுதான் உங்ககிட்ட அனுப்புனேன். நீங்க திரும்ப இங்கயே கொண்டாந்து எறக்கியிருக்கீங்க.”

“பாடத்துல அப்படிப் போட்டிருக்குங்க” என்றேன்.

“யாரு போட்டது?”

மச்சான், பொய் சொல்லியிருக்கலாம். பல்கலைக்கழகம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். “நான்தாங்க” என்றேன்.

“நட எங்களுக்குத் தெரியும். அதுக்கு ஆளு இல்லாம இல்ல” என்றார். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. மகன் பக்கம் திரும்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அவன், மிராசுதார் வீட்டில் மோர் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்றான்.

“என்ன தாளு?”

“தெரியல.”

“படிக்கலயா?”

அவன் என்னைப் பார்த்தான். இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். காளியம்மாளும் என்னைப் பார்த்தார். “கைநாட்டு வக்கிற நாங்களே நாலு பேரக் கேட்டுட்டுத்தான் வக்கிறோம். நீங்க இத்தன பேரு படிச்சவங்க, படிக்காமயா போட்டீங்க?” என்றார்.

வீரையன் முகம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை, அங்கே மிராசுதார் அந்தத் தாளைக் காட்டினால் வெளியாள் தாமாகவே வருகிறது, உள்ளூர் ஆள் தேவையில்லை என்று ஆகிவிடும், பதினொரு நாள் பட்டினி கிடந்தது வீணாகிவிடும் என்றார். “நீங்கதான் வந்து சொல்லணும். வருவீங்களா?” என்று கேட்டார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, டிசம்பரில்தான் கல்லூரிக் குழு கூடித் தீர்மானிக்கும், அந்தக் குழுவில் அரசப்பன் இருக்கிறார், ஹமீதாவுக்கு அடுத்த மாதம் பிரசவம், இதெல்லாம் ஒரு வினாடியில் மண்டைக்குள் ஓடியது. “வர்றேங்க” என்றேன். அதைச் சொன்னது என் வாய்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

வியாழக்கிழமை விடிந்ததும் நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். வயல் முழுக்க நாற்று மிதந்துகொண்டிருந்தது. காளியம்மாள் வரப்பில் நடந்து சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். இருபத்திரண்டு பேரில் தேறியவர் மூன்று பேர். முதலிடம் பக்கீர் முகம்மது, எங்கள் அதிராம்பட்டினத்துப் பையன். பயந்துபோய் அரைமணி நேரத்தில் பதினொரு குத்துதான் நட்டிருக்கிறான், பதினொன்றும் நின்றன. இளையபெருமாளுக்குப் பத்துக்கு ஒன்று. “அரை போடலாம், அந்த ஒண்ணும் பாதி சாஞ்சுதான் நிக்கிது” என்றார் தாய். நான்தான் ஒன்று என்று விட்டேன். பட்டியலின் கீழே தேர்வாளர் என்ற இடத்தில் காளியம்மாள் கைநாட்டு வைத்தார், முழுதும் படித்துக் காட்டச் சொன்ன பிறகு.

வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் மிராசுதார் அந்தத் தாளை எடுத்து வைத்தார். தாசில்தார் படித்தார். ‘உள்ளூர் ஆட்கள் வேலைக்கு வராத நிலையில், அயலூர்வாசிகளாகிய கீழே கையொப்பமிட்ட நாங்கள் மனமுவந்து வந்து ஐந்து மா நடவை முடித்துக் கொடுத்தோம்.’ நான் அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க.”

“படிச்சுப் பார்த்துப் போட்டீங்களா?”

“இல்லீங்க.”

“என்ன உத்தியோகம் பார்க்குறீங்க?”

“கல்லூரி விரிவுரையாளருங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் சட்டைப் பையிலிருந்து மதிப்பெண் பட்டியலை எடுத்து மேசையில் வைத்து, “நடவ முடிச்சதா எழுதியிருக்குங்க. நடவே சரியா நடக்கல. இதுதான் அத்தாட்சி” என்றேன். தாசில்தார் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒன்று, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம். “சராசரி பத்துக்கு ஒண்ணரைகூட வராதுபோல இருக்கே” என்றார். “இந்த மார்க்க வச்சு அங்க ஒரு நடவு நடந்ததா நான் எப்படி எழுதறது?” மிராசுதார் எழுந்து, மார்க் போட்டது அந்தப் பொம்பிளை, அது செல்லாது என்றார். “நடவுப் பரீட்சைக்கு நடவாள்தானங்க மார்க் போடணும்” என்றார் தாசில்தார். இந்த வருஷம் வெளியாள் இறக்குவதில்லை என்று முடிவாயிற்று. ஒப்பந்தம் எழுதி வருகிற வியாழக்கிழமை இரு தரப்பும் கையொப்பம் இடுவது என்றார்கள். வெளியே வந்தபோது வீரையன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சமயம் பார்த்து மிராசுதார் கார் எங்களைக் கடந்து போனது.

அந்தக் கார் நேரே எங்கள் கல்லூரிக்குத்தான் போயிருக்கிறது. இன்று காலை பிரின்சிபால் கூப்பிட்டார். “நோக்கத்துக்கும் தேர்வுக்கும் பொருத்தம் இருக்கணும்னேன். தேர்வுக்கும் தாலுகா ஆபீசுக்கும் பொருத்தம் இருக்கணும்னு நான் சொன்னேனா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. புதன்கிழமைத் தேர்வு ரத்து, வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேறு தேர்வு நடத்துகிறேன், எந்த மாணவனும் வயலில் இறங்க மாட்டான் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அவரும் கையெழுத்துப் போட்டுப் பலகையில் ஒட்டச் சொல்லிவிட்டார். வினாவும் தயார். ‘நாற்று நடும் முறைகளை விவரித்துக் கட்டுரை வரைக.’ மூன்றாவது கட்டம் நிரம்பிவிட்டது. மெட்ராஸ் அம்மையார் சிரித்தால் சிரிக்கட்டும். இனி என் ஆயுசுக்கும் கட்டுரைதான். கட்டுரையை யாரும் தாலுகா ஆபீசில் காட்ட முடியாது, கட்டுரையில் அட்டை கடிக்காது.

டிசம்பரில் குழு என்ன செய்யும் என்று தெரியவில்லை. மூன்று நாளாக யார் கதவைத் தட்டினாலும் மெமோ என்றே நினைக்கிறேன், இன்று மத்தியானம் தட்டியது மோர்க்காரி. ஆகவே மச்சான், தங்கள் கடையில் எனக்கு ஓர் இடம் வைத்திருக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். பாத்திரத்தில் பெயர் வெட்டக் கற்றுக்கொள்கிறேன், எழுத்துப் பிழையில்லாமல் வெட்டுவேன். ஹமீதாவிடம் இது ஒன்றையும் சொல்ல வேண்டாம், இந்த நிலைமையில் அவள் பயப்படக்கூடாது. கேட்டால், அவருக்குத் தேர்வு வேலை அதிகம் என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. மாமாவுக்கும் மாமிக்கும் என் ஸலாம். தர்காப் பக்கம் போகும்போது எனக்காக ஒரு பாத்திஹா ஓதுங்கள். வீட்டிலுள்ள சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தருவானாக.

தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
சேக் தாவூது

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை. நேற்று தபால் பெட்டிக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இன்று காலை கதவு தட்டினார்கள். இளையபெருமாளும் அவன் அம்மாவும். காளியம்மாள் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார். “வியாழக்கிழம தாலுகா ஆபீசுல ஒப்பந்தத் தாள்ல நாங்க நாப்பது பேரு கைநாட்டு வக்கணும். மூணு பக்கமாம். என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. உங்க புள்ளைங்க வந்து ஆளுக்கு ரெண்டு பேருக்குப் படிச்சுச் சொல்லட்டும். புரிஞ்சா வப்போம். புரியலன்னா வக்க மாட்டோம்.” முடியாதுங்க, அன்றைக்கு எங்களுக்குத் தேர்வு, எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். “அத இளையபெருமாளு பலகையில பாத்துட்டு வந்து சொன்னான். வயல்ல எறங்கக்கூடாதுன்னுதான எழுதியிருக்கு. தாலுகா ஆபீசு வயலு இல்லியே” என்றார். நான் எழுதிக் கொடுத்ததன் நகலை எடுத்துப் படித்தேன். ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்தேன். கட்டுரை என்று அதில் எங்கும் இல்லை, எந்த இடத்தில் என்றும் இல்லை. பிரின்சிபால் கையெழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. நான் முடியாது என்று மறுபடியும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மச்சான்.

அட்டவணையில் மூன்றாவது நோக்கத்தின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டியாகிவிட்டது: ‘ஓர் ஒப்பந்தத்தை, அதில் கைநாட்டு வைப்பவருக்கு விளங்கும்படி படித்துச் சொல்லுதல்.’ பாடக்குழு மார்ச்சில் கூடி என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். தேர்வாளர்கள் நாற்பது பேர். மிராசுதாரும் அங்கேதான் இருப்பார். பையன்கள் மத்தியானத்திலிருந்து என் அறையில் என் வாடகை ஒப்பந்தத்தை உரக்கப் படித்துப் பழகுகிறார்கள். இளையபெருமாள் படித்தால் அடுத்த வீட்டுச் சமையற்காரருக்கே விளங்குகிறது, நான் படித்தால் விளங்கவில்லையாம். கடையில் இடம் இப்போதைக்கு வேண்டாம். மேலே எழுதியதில் ஹமீதாவிடம் சொல்ல வேண்டாம் என்றதையும் அடித்துவிடுங்கள், கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். படித்து முடித்து அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் வியாழனுக்குள் எனக்குக் கிடைக்கும்படி ஒரு கார்டு போடுங்கள். பத்து மணிக்குத் தேர்வு.